கீழ்ப்பக்கத்து ஆள்

வால்பரைசோவில் வீடுகள் மலையில் தொற்றிக்கொண்டிருக்கின்றன.
துறைமுகச் சாலைக்கும் யோலாண்டாவின் சமையலறைக்கும் நடுவே
நூற்றறுபத்திரண்டு படிகள்.
லாரி முதல் படியோடு கைகழுவிவிட்டது.
மீதிக்கு நாங்கள்: ரெமிகியோ, நான், ஒரு கயிறு,
எண்பத்தேழு கிலோ ஃபிரிட்ஜ்.

ரெமிகியோ மேலே, பின்நடையாக ஏறுகிறான்.
நான் கீழே.
ஆளுக்குப் பாதி என்று நினைக்கிறார்கள்
ஜன்னலில் நின்று பார்ப்பவர்கள்.
சமதரையில் அப்படித்தான்.
படிக்கட்டில் பெட்டி சாயும். சாய்ந்ததும்
தன் பாரத்தின் பெரும்பங்கைக்
கீழே இருப்பவன் மார்பில் வைத்துவிட்டு
மேலே இருப்பவனிடம் கைகுலுக்கும்.
கூலி மட்டும் சரிபாதி.
ஆறு வருடமாக இதைச் சொல்ல வாயெடுக்கிறேன்.
வாயெடுக்கும்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது.

அறுபதாம் படியில் இறக்கி வைத்தோம்.
பெட்டி சும்மா நிற்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.
அது கல்லை அழுத்துகிறது.
கல் அதே அளவு திருப்பி அழுத்துகிறது,
இம்மி கூட்டாமல், இம்மி குறைக்காமல்.
வெளியிலிருந்து பார்த்தால் அமைதி.
அப்படி ஒரு வீட்டில்
பதினோரு வருடம் நான் கணவனாக இருந்தேன்.

மேலே யாருடைய பையோ கிழிந்தது.
ஒரு உருளைக்கிழங்கு வந்தது.
ஒவ்வொரு படியிலும் ஒரு நொடி தயங்கி,
தயக்கத்தை விட்டு,
எங்களைத் தாண்டும்போது தயங்க மறந்திருந்தது.
"பிடிக்கலையா?" என்றான் ரெமிகியோ.
எந்தக் கையால்?

நூற்றுப் பத்தொன்பதாம் படி.
முதலில் நாய்கள் குரைப்பதை நிறுத்தின.
பிறகு கம்பிகளில் காய்ந்த சட்டைகள்
காற்றில்லாமல் ஆடின.
இந்த ஊரில் சின்ன நடுக்கத்துக்கு யாரும் ஓடுவதில்லை.
நின்று, மனதுக்குள் எண்ணுவார்கள்.
ஐந்து. ஆறு.
ஒரு மாடத்திலிருந்து ஜெரேனியத் தொட்டி புறப்பட்டது,
முதல் மாடியைக் கடக்கையில் நிதானமாக,
தரைக்கு அருகில் கடன்காரன் வேகத்தில்.
ஏழு.
பெட்டிக்கும் கல்லுக்கும் இருந்த உடன்படிக்கை
ஒரு விரற்கடை வழுக்கியது.
இன்னொரு விரற்கடை.
உலகமே பூமியின் மையத்தை நோக்கித்தான் போகிறது என்பது தெரியும்.
அதற்கு இடையில் நான்,
தேய்ந்த ரப்பர் அடியுள்ள ஒரு ஜோடி ஷூவோடு.

ரெமிகியோ இழுக்கவில்லை.
கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி
அப்படியே உட்கார்ந்தான்.
அவ்வளவுதான் செய்தான்.
தன் பீர் தொப்பையை, மாலைத் தூக்கத்தை,
ஞாயிற்றுக்கிழமை எம்பனாதாக்களை எல்லாம்
கயிற்றின் மறுமுனையில் தொங்கவிட்டான்.
கம்பி முனகியது.
பெட்டி யோசித்தது.
அவன் எடை எனக்குப் பயன்பட்டது அன்றுதான் முதல்முறை.

பன்னிரண்டு வரை எண்ணி நடுக்கம் நின்றது.
நாய்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

யோலாண்டாவின் தரை கடல்பக்கம் சாய்ந்தது.
பெட்டியை நிறுத்தியதும் கதவு
தானாகத் திறந்தது. மூடினோம். திறந்தது.
பழைய லாட்டரிச் சீட்டுகளை மடித்து
முன்கால்களுக்கு அடியில் செருகினாள்.
"என் அதிர்ஷ்டம் இதுக்காவது உதவட்டும்."
கதவு மூடியே நின்றது.
மேசையில் வைத்த முட்டை மட்டும்
மெல்ல உருண்டு, உப்பு ஜாடியில் இடித்து நின்றது.
அதை அவள் கவனிக்கவில்லை. அதன் இடம் அதுதான் போல.

காசை எண்ணி நடுவில் பிரித்தாள். சரிபாதி.

மூலையில் பழைய ஃபிரிட்ஜ்
எங்களுக்காகக் காத்திருந்தது.
இறங்கும்போதும் கீழே இருப்பவனுக்குத்தான் பாரம்.
ஒரு படி கூடச் சலுகை கிடையாது.
நான் பழக்கத்தில் கீழ்ப்பக்கம் போனேன்.
அங்கே ஏற்கெனவே ரெமிகியோ நின்றிருந்தான்,
ஷூ நாடாவை முடிந்துகொண்டு,
என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கயிற்றை எடுத்தேன்.
முதல் படியில் அது இறுகியது.